வரத்துக்கால் மேல் மனைப்பிரிவு: எங்கள் ஊர் ஆட்சேபணை குறித்த விவாதம்

ஊருணிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி செல்லும் சாலையில் பிரிந்து உள்ளே போகும் ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. ஊருக்கு மேற்கே முந்திரித் தோப்பாகவும் பொட்டலாகவும் கிடந்த ஏறத்தாழ 20 ஏக்கர் நிலம் கைமாறி, இப்போது 240 மனைகளாகப் பிரிக்கப்பட்டுவருகிறது. மரங்களை வேரோடு பெயர்த்து, கிராவல் கொட்டி, மேட்டைப் பள்ளத்தில் தள்ளிச் சமப்படுத்தி, மஞ்சள் வண்ணம் பூசிய கற்களையும் ஊன்றிவிட்டார்கள். நுழைவாயில் வளைவும் எழும்பிவிட்டது.

ஊரார் எழுப்பும் ஆட்சேபணைகள் இரண்டு. முதலாவது, மேற்குப் பொட்டலில் விழும் மழைநீரைப் பெரிய கண்மாய்க்குக் கொண்டுவரும் வரத்துக்கால் இந்த நிலத்தின் நடுவே ஓடுகிறது. விற்பனைக்காகக் கொடுக்கப்படும் வரைபடத்தில் அது வரத்துக்காலாகக் குறிக்கப்படவில்லை. அதே இடத்தில், அதே வளைவோடு, 30 அடிச் சாலை ஒன்று வரையப்பட்டிருக்கிறது. மற்றச் சாலைகளெல்லாம் நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க, இது ஒன்று மட்டும் ஏன் வளைந்து போகிறது என்று மனை பார்க்க வந்த ஒருவரே கேட்டாராம். இரண்டாவது, மனைப்பிரிவுக்கும் ஊருக்கும் சேர்த்து ஒரே ஒரு தார்ச்சாலைதான் இருக்கிறது. எதிரே ஒரு பேருந்து வந்தால் மாட்டுவண்டிகூட மண்ணில் இறங்கி ஒதுங்க வேண்டிய அகலம்தான் அதற்கு.

நிலத்தைச் சமப்படுத்திய பிறகு வந்த முதல் ஐப்பசியிலேயே, ஒரு மாலை நேர மழைக்கு மேலத்தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதற்கு முன் அந்தத் தெருவில் அவ்வளவு தண்ணீர் நின்றதாக எங்கள் பெரியவர்கள் யாரும் சொல்லவில்லை. மாவட்ட ஆட்சியரிடமும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும் மனு கொடுக்கவிருக்கிறோம். அந்த மனுவில் எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று கலந்து பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன். நிலத்தை வாங்கியவர் யார், எந்தக் கட்சிக்காரர் என்பனவற்றை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.


சிங்கப்பூர்ப் பிள்ளை

ஐயா, இந்த மனைப்பிரிவில் ஐந்து சென்ட் மனைக்கு முன்பணம் கொடுத்திருப்பவன் நான். ஆகவே என் சொல்லை அந்தக் கணக்கோடு சேர்த்தே படியுங்கள். காரைக்குடிக்குள் வீட்டு மனை வாங்குவது சம்பளக்காரனால் இயலாத காரியமாகிவிட்டது. 2024 இல் நகராட்சி மாநகராட்சியாக உயர்ந்த பிறகு சுற்றுப்புற ஊர்களிலும் விலை ஏறிக்கொண்டே போகிறது. என்னைப் போன்றவர்கள் ஊருக்குத் திரும்பிவந்து வீடு கட்டுவதென்றால் இப்படிப்பட்ட பொட்டல்களில்தான் கட்ட முடியும். இன்று ஊர் என்று நாம் சொல்வதும் ஒரு காலத்தில் பொட்டலாக இருந்த இடம்தானே?

இன்னொரு ஐயமும் உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெய்யும் மாவட்டம் இது. குடிநீருக்குக் காரைக்குடிச் சம்பை ஊற்றையும் தண்ணீர் லாரியையும் பார்த்துக் காலம் கழித்த பகுதியில் வெள்ளம் என்று சொன்னால், அது புதிய வீடுகள் வேண்டாம் என்பதற்காகத் தேடிப் பிடித்த காரணமோ என்று வெளியூரில் இருப்பவர்களுக்குத் தோன்றும். அப்படியில்லை என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்ள அணியமாக இருக்கிறேன்.


கடைமடை

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது; அதற்கு மழைக்கணக்கைக் கொண்டு பதில் சொல்ல முடியாது, மண்ணைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். பெரிய கண்மாயின் கடைசி மடையில் எங்களுக்கு நிலம் இருக்கிறது. எங்கள் கண்மாய்க்கு ஆற்றுத் தண்ணீர் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற சில கனமழைகளை நம்பித்தான் ஒரு போகம். அந்தச் சில நாள் தண்ணீர் பொட்டலிலிருந்து கண்மாய்க்கு வந்துசேரும் வழிதான் வரத்துக்கால்.

ஆண்டில் பத்து மாதம் அது வரத்துக்காலைப் போலவே இருக்காது. ஆடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள், சீமைக் கருவேல் முளைக்கும். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் அணை தெரியும், அவ்வளவுதான். கோடையில் மனை பார்க்க வருகிறவருக்கு அது ஒரு வண்டிப்பாதையாகத்தான் தோன்றும். விற்கிறவரும் அதைத்தானே விரும்புவார்!

இப்போது அந்த மண் அணை இரண்டையும் ஜே.சி.பி. கொண்டு வழித்துத் தரையோடு தரையாக்கிவிட்டார்கள். இதனால் நேர்வது இரண்டு கேடு, இரண்டும் ஒரே தண்ணீரால் வருவது. கண்மாய்க்குப் போக வேண்டிய நீர் மனைப்பிரிவின் தெருக்களில் பரவி, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக, மேலத்தெருவுக்குள் இறங்குகிறது. தெருவுக்குள் வந்த தண்ணீர் கண்மாய்க்கு வந்த தண்ணீர் ஆகாது. சாக்கடையோடு கலந்து எங்கெங்கோ போய்விடும். ஐப்பசியில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர், தை மாதத்தில் எங்கள் வயலுக்குத் தண்ணீர் இல்லை. வெள்ளமா வறட்சியா என்று நீங்கள் கேட்கிறீர்கள். வரத்துக்கால் கெட்ட ஊரில் ஒரே ஆண்டில் இரண்டும் வரும்.

எங்கள் கண்மாய் நிறைந்து, மிகைநீர் வழியும் கலுங்கு பாய்ந்தால், அந்த மறுகால் தண்ணீர்தான் கிழக்கே அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்து. அவர்கள் கண்மாய் நிறைந்தால் அதற்கடுத்த ஊருக்கு. ராஜசிங்கமங்கலத்தின் ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ ஆனாலும் சரி, எங்கள் ஊர் மூன்று மடைக் கண்மாய் ஆனாலும் சரி, வரத்து அடைபட்டால் கரை மட்டும்தான் மிஞ்சும். எனவே, இந்த மனுவில் எங்கள் ஊரார் மட்டுமல்லாமல் கீழ்க்கண்மாய் ஊர்களின் ஆயக்கட்டுக்காரர்களும், அதாவது கண்மாய்ப் பாசன நிலக்காரர்களும், கையெழுத்திட வேண்டும் என்பது என் கருத்து.


மட்டப்பலகை

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். உணர்ச்சியோடு எழுதப்படும் மனுவுக்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்று பதில் வரும். கணக்கோடு எழுதப்படும் மனுவுக்கு யாராவது ஒரு உதவிப் பொறியாளர் கணக்குப் போட்டே பதில் எழுத வேண்டியிருக்கும். ஆகவே இரண்டு கணக்குகளைத் தருகிறேன்.

முதல் கணக்கு மனைப்பிரிவுக்குள் விழும் மழை பற்றியது. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஏறத்தாழ 40,000 லிட்டர். 20 ஏக்கரில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் பெய்தால் 81 லட்சம் லிட்டர். செடி கொடியோடு கிடந்த செம்மண் பொட்டலில் இதில் கால் பங்கு ஓடிவரும் என்று வைத்துக்கொண்டால் 20 லட்சம் லிட்டர். கூரையும் சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையும் வந்த பிறகு பத்தில் ஏழு பங்கு ஓடிவரும் என்று வைத்தால் 57 லட்சம் லிட்டர். வித்தியாசம் மட்டும், 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் 300 லாரிக்கும் மேல். வீடுகள் இன்னும் வரவில்லையே என்று கேட்கலாம். உருளை ஓட்டி இறுக்கிய கிராவல் தரையும் பழைய பொட்டலைப் போலத் தண்ணீரைக் குடிப்பதில்லை.

இரண்டாவது கணக்கு இதைவிட முக்கியமானது. மனைப்பிரிவுக்கு மேற்கே உள்ள நீர்பிடிப்பிலிருந்து வருவது பற்றியது. சமஉயரக் கோடுகளை வைத்துப் பார்த்ததில், இந்த வரத்துக்காலுக்குத் தண்ணீர் தரும் பரப்பு ஏறத்தாழ 150 ஏக்கர் வருகிறது. ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை, ஓட்ட விகிதம் பத்தில் நான்கு என்று கொண்டால், உச்சத்தில் நொடிக்கு மூன்று கன மீட்டருக்கு மேல், அதாவது 3,300 லிட்டர் தண்ணீர் வரும். வளைந்த சாலை ஊர்ச்சாலையைத் தொடும் இடத்தில் புதிதாகப் போட்டிருக்கும் சிறுபாலத்தை நேரில் சென்று பார்த்தேன். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிமெண்டுக் குழாய்கள் இரண்டு. அவற்றில் நொடிக்கு 850 லிட்டர் போனாலே பெரிது. அதாவது தேவையில் நாலில் ஒரு பங்கு. அதிலும் ஒரு குழாயின் வாயை வெட்டிப்போட்ட கருவேலக் கிளைகளும் நெகிழிப் பைகளும் பாதிக்கு மேல் அடைத்திருந்தன.

ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் என்பது அதிசயமான மழை அன்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட மழைக்கு எந்தப் பாலமும் தாங்காது என்பது உண்மைதான். அதைக் காட்டி, ஆண்டுதோறும் வரக்கூடிய மழைக்குக்கூடத் தாங்காத குழாயைப் போடலாகாது.


மனை ஆலோசகர்

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் மறுபக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டா தெளிவாக இருக்கிறது. 30 ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்ததில் எந்தச் சிக்கலும் இல்லை. நகர் ஊரமைப்பு அங்கீகாரத்துக்கு முறைப்படி விண்ணப்பித்திருக்கிறார்கள். 2016 க்கு முன்பு காரைக்குடியைச் சுற்றி அங்கீகாரமே இல்லாமல் கல்லை ஊன்றி விற்றுவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அவற்றில் வாங்கியவர்கள் இன்றுவரை வரன்முறைப்படுத்த அலைகிறார்கள். முறையாக வருகிறவரை மட்டும் மறிப்பது எந்த வகையில் சரி?

மேலும், வரத்துக்கால் வரத்துக்கால் என்கிறீர்கள். மனைப்பிரிவைத் தாண்டி ஊருக்குப் பக்கத்தில் அதே வரத்துக்காலில் இரண்டு மாட்டுக்கொட்டகை, ஒரு வைக்கோல் போர், கல்யாண மண்டபத்தின் சமையல் கொட்டகை எல்லாம் இருக்கின்றனவே, அவை எந்த வரைபடத்தில் இருக்கின்றன? அங்கே பத்தடி அகலம்கூட இப்போது இல்லை. சாலை அகலத்தைப் பொறுத்தவரை, ஊராட்சிச் சாலையை விரிவாக்குவது அரசின் வேலை. மனை விற்பவர் எல்லாருடைய நிலத்தையும் வாங்கிச் சாலை போட முடியாது.


ஊருணிக்கரை

ஆலோசகர் சொன்ன கொட்டகைகள் இருப்பது உண்மை. அவற்றையும் சேர்த்தே அளந்து எல்லைக்கல் நட வேண்டும் என்று மனுவில் எழுதப்படும். கொட்டகைக்காரர்களில் ஒருவர் என் பங்காளி, அவரிடமும் சொல்லிவிட்டேன். ஊர்க்காரன் அடைத்தால் அது பழக்கம், வெளியாள் அடைத்தால் ஆக்கிரமிப்பு என்று எழுதிக்கொண்டு அதிகாரியின் முன் போய் நிற்க முடியாது.

விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே தரையைச் சமப்படுத்தி, கல் ஊன்றி, முன்பணம் வாங்கியது முறைதானா என்பதற்கு மட்டும் ஆலோசகர் பதில் சொல்லவில்லை.


வளவு வீடு

இப்போது சென்னையில் வசிக்கிறேன். இந்த 20 ஏக்கரில் தென்பகுதி எங்கள் பாட்டையா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்குப் பாத்தியப்பட்டிருந்தது. பங்குதாரர்கள் பல ஊர்களிலும் பல நாடுகளிலும் பிரிந்திருந்ததால், ஆளுக்கொரு கையெழுத்தாக வாங்கி மூன்றாண்டுகளுக்கு முன் கிரயம் செய்து கொடுத்துவிட்டோம். முந்திரித் தோப்பாகவே இருக்கும் என்று நம்பி விற்கவில்லை; மனையாகும் என்பது தெரியும். தண்ணீர் போகும் வழி மறையும் என்பது தெரியாது.

விற்பதற்கு முன் மூலப்பத்திரத்தை நகல் எடுத்து வைத்திருந்தேன். அதில் நான்கெல்லை சொல்லும் இடத்தில், ‘பெரிய கண்மாய் வரத்துக்காலுக்குத் தெற்கு, வண்டிப்பாதைக்குக் கிழக்கு’ என்று எழுதியிருக்கிறது. எங்கள் நிலத்தின் வடக்கு எல்லையே அந்த வரத்துக்கால்தான். எல்லையாகச் சொல்லப்பட்ட ஒன்று நிலத்துக்குள் அடங்காது என்பது எனக்குத் தெரிந்த அளவு. நாங்கள் எழுதிக் கொடுத்த புதிய கிரயப் பத்திரத்தில் எழுத்தர் நான்கெல்லையைச் சுருக்கி, சர்வே எண்ணை மட்டும் போட்டுவிட்டார். பழைய பத்திரத்தின் நகலை உங்கள் மனுவோடு இணைத்துக்கொள்ளலாம், தனிச்செய்தியில் அனுப்பிவைக்கிறேன்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தெருவை யாரும் பார்ப்பதில்லை. முற்றத்தில் விழுந்த தண்ணீரை அண்டாவில் பிடித்தது போக மிச்சம் தெருவுக்கு வந்து, தெருவோரக் கால்வாய் வழியாக ஊருணிக்குப் போய்ச் சேரும்படி வாட்டம் வைத்துத்தான் ஊரையே அமைத்திருக்கிறார்கள். 2014 இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் சேர்க்கப்பட்டபோது, தனித்தனி வீடுகளாக அல்லாமல் ஊர்களாகவே சேர்க்கப்பட்டன. 2015 டிசம்பரில் வேளச்சேரியில் முதல் மாடியில் இருந்துகொண்டு கீழே காரைத் தண்ணீர் தூக்குவதைப் பார்த்தவள் என்பதால், ஏரியின் பெயர் பேருந்து நிறுத்தத்தில் மட்டும் மிஞ்சுவது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.


பழைய அடங்கல்

வளவு வீட்டு ஆச்சி குறிப்பிட்ட பத்திரம் இந்த இழையில் இதுவரை வந்த சான்றுகளில் பலமானது. அதைச் சுற்றி மற்ற ஆவணங்களைக் கோக்க வேண்டிய முறையைச் சொல்கிறேன்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பதால் வரத்துக்கால் இல்லை என்று ஆகிவிடாது. பதிவான பத்திரங்களை மட்டுமே அது காட்டும். தண்ணீர் எங்கே ஓடுகிறது என்பது அதில் வராது. அதற்குப் பார்க்க வேண்டியவை கிராம வரைபடம், ஒவ்வொரு சர்வே எண்ணின் அளவையும் காட்டும் புல வரைபடம், அந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் ‘அ’ பதிவேடு ஆகிய மூன்றும். இப்போதைய ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அத்தோடு நிற்கக் கூடாது. நம் பகுதி சிவகங்கை ஜமீனில் இருந்தது. 1948 ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மெண்டு என்னும் நிலவரித் திட்டத்தில்தான் நிலங்களுக்கு முறையான பதிவேடு எழுதப்பட்டது. பிறகு 1980 களில் நடந்த யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டின்போது, பல ஊர்களில் சிறிய ஓடைகளும் வரத்துக்கால்களும் பக்கத்துப் பட்டாவோடு ஒட்டிக்கொண்டன. ஆகவே செட்டில்மெண்டு பதிவேட்டின் நகலையும் யு.டி.ஆர். ‘அ’ பதிவேட்டின் நகலையும் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் தனித்தனியாகக் கேட்டுப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

இரண்டு முடிவுகளில் ஒன்று வரும். வாய்க்கால் புறம்போக்கு, அதாவது அரசு நிலம், என்று தனி சர்வே எண் இருந்தால் வேலை எளிது; அது விற்கப்படவும் முடியாது, மனைப்பிரிவின் சாலையாகக் காட்டப்படவும் முடியாது. கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்ற மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கும் பஞ்சாபில் ஒரு கிராமத்துக் குளத்தைப் பற்றியதுதான். தனி எண் இல்லாமல், பட்டா நிலத்துக்குள் புள்ளிக்கோடாக மட்டும் காட்டப்பட்டிருந்தால் வேலை சற்றுக் கூடும். அப்போதும் மேட்டு நிலத்து நீர் தாழ்ந்த நிலத்துக்கு இயல்பாக ஓடும் உரிமையை 1882 ஆம் ஆண்டின் ஈஸ்மெண்டு சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

உங்கள் கண்மாய் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். 2007 ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் முதல் வகைக்கே பொருந்தும். மற்றதற்கு 1905 ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தையும் 1994 ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தையும் காட்ட வேண்டும். மனுவைத் தவறான அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ஓராண்டு காத்திருந்த ஊர்கள் உண்டு.

கடைசியாக ஒன்று. மனைப்பிரிவே வேண்டாம் என்று கேட்டால் தோற்பீர்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் போக மீதிப் பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். இங்கே அது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் வரும். அந்தத் திறந்தவெளியை விலைபோகாத மூலையில் ஒதுக்காமல், வரத்துக்காலின் இரு கரையிலும் நீளவாட்டில் ஒதுக்கும்படி கேளுங்கள். வரத்துக்காலும் பிழைக்கும், பிள்ளைகளுக்கு விளையாட இடமும் ஆகும்.


மினி பஸ்

இவ்வளவு நேரம் தண்ணீரைப் பற்றியே பேசிவிட்டீர்கள். சாலையைப் பற்றி நான் சொல்கிறேன், அதில் தினமும் வண்டி ஓட்டுகிறவன் என்பதால். தாரின் அகலம் 3.75 மீட்டர். பேருந்தின் அகலம் இரண்டரை மீட்டர். மீதி இருப்பதில் ஒரு இருசக்கர வண்டி உராயாமல் போகலாம். காலை எட்டரை மணிக்குப் பள்ளிப் பேருந்துகளும் காரைக்குடிக்கு வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகளும் ஒரே நேரத்தில் வரும். எதிரெதிரே இரண்டு பெரிய வண்டிகள் வந்தால், ஒன்று பிள்ளையார் கோயில் திடல் வரை பின்னால் போக வேண்டும். அந்தத் திடலைத் தவிர ஒதுங்க இடம் கிடையாது. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் ஒரு சாண் பள்ளம். மழைக்காலத்தில் இறக்கினால் சக்கரம் புதையும்.

தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிக்கு நடந்து போகிறவர்கள் குன்றக்குடியை நோக்கிச் சாரிசாரியாக வருவார்கள். முதன்மைச் சாலையில் வண்டிகளைத் திருப்பிவிடும்போது அவை எங்கள் ஊர் வழியாகத்தான் வரும். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார்பட்டிக் கூட்டத்துக்கும் அதே கதை. இதற்கு மேல் 240 வீட்டு வண்டிகளும் சேர்ந்தால் அவசர ஊர்தி எப்படி உள்ளே வரும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.


மட்டப்பலகை

மினி பஸ் நண்பர் சொல்வது அத்தனையும் சரி. இருப்பினும் மனுவில் சாலையை வெள்ளத்தோடு சம எடையில் வைக்கலாகாது என்று கருதுகிறேன். நம் பக்கத்தில் மனை வாங்குகிறவர்களில் பலர் உடனே வீடு கட்டுவதில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு மகள் கல்யாணத்துக்கோ ஓய்வுக்கோ என்று போட்டுவைப்பார்கள். 240 மனையில் முதல் ஐந்தாண்டில் 30 வீடு எழும்பினாலே அதிகம். எனவே நெரிசல் மெல்ல வரும். தண்ணீர் அப்படியன்று, தரையைச் சமப்படுத்திய அன்றே அதன் வழி மாறிவிட்டது, வீடு ஒன்றுகூட இல்லாமலேயே மேலத்தெருவுக்குள் வந்துவிட்டது.

இரண்டையும் ஒன்றாகக் கட்டினால், எதிர்த்தரப்பு நெரிசலைப் பற்றிய நம் பலவீனமான கணக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பற்றிப் பேசாமலே தப்பித்துவிடும். சாலைக்கு ஒரே ஒரு நிபந்தனையைக் கேளுங்கள்: ஊர்ச்சாலையை ஒட்டிய மனைப்பிரிவின் முகப்பு நெடுகிலும் ஒரு கீற்றுநிலத்தை உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்து, அந்த அளவுக்காவது தாரை ஐந்தரை மீட்டராக விரித்தால், இரண்டு வண்டிகள் விலகிச் செல்ல இடம் கிடைக்கும். தம் முகப்பை விட்டுத்தர மனை விற்பவர் எல்லாருடைய நிலத்தையும் வாங்க வேண்டியதில்லை.


சிங்கப்பூர்ப் பிள்ளை

விளக்கம் சொன்ன அனைவருக்கும் நன்றி. கடைமடை அம்மா சொன்னதைப் படித்த பிறகு வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். என் மனை அந்த வளைந்த சாலையின் வளைவிலேயே, தென்கரையில் இருக்கிறது. தரைமட்டம் எப்படி என்று கேட்டதற்கு, ‘ரெண்டு லோடு கிராவல் அடிச்சாச் சரியாயிடும் சார்’ என்றார்கள். விலையில் நாலில் ஒரு பங்கு முன்பணமாகப் போய்விட்டது; ஒப்பந்தம் இன்னும் பதிவாகவில்லை. எனக்கு எதிராக மனு போடுகிறவர்களிடமே யோசனை கேட்பது விந்தைதான். ஆனாலும் கேட்கிறேன்.


பழைய அடங்கல்

உங்களுக்கு எதிரான மனு அன்று அது, தம்பி. வரத்துக்கால் அதன் இடத்தில் இருந்தால் உங்கள் மனைதான் முதலில் தப்பும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு பெறாமல் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. இது 2016 ஆம் ஆண்டுச் சட்டம். ஆணையப் பதிவு எண்ணையும் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றையும் எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் ரசீதுகளோடு ஆணையத்தில் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கிரயம் முடிந்த பிறகு கேட்பதைவிட இப்போது கேட்பது எளிது.


ஊருணிக்கரை

இதுவரை வந்தவற்றை வைத்து மனுவைத் திருத்தி எழுதுகிறேன். வரத்துக்காலை மேற்குப் பொட்டலிலிருந்து கண்மாய் உள்வாய் வரை, கொட்டகைகளையும் சேர்த்து, நில அளவர் கொண்டு அளந்து கல் நடுவது. அதுவரை மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தராமல் நிறுத்திவைப்பது. குழாய்களை எடுத்துவிட்டுக் கணக்குக்குத் தக்க பெட்டிப் பாலம் கட்டுவது. திறந்தவெளியை வரத்துக்கால் கரையில் ஒதுக்குவது. சாலை முகப்பில் கீற்றுநிலம் விடுவது. இவ்வளவுதான் கேட்கப்போகிறோம். மனைப்பிரிவை ரத்து செய்ய வேண்டும் என்ற வரியை எடுத்துவிட்டேன். ஊரில் சிலருக்கு அதில் வருத்தம், நேரில் பேசிக்கொள்கிறோம். நாங்கள் இன்னும் ஊராட்சியாகவே இருப்பதால், அடுத்த கிராம சபையில் இதையே தீர்மானமாகவும் வைக்கிறோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிறுபாலத்தடியில் கூடுகிறோம். மட்டப்பலகை ஐயா கருவியோடு வந்து தரைமட்டம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்; அளவுகோல் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். கீழ்க்கண்மாய் ஊர்களுக்குச் சொல்லிவிடும் பொறுப்பைக் கடைமடை அக்கா ஏற்றுக்கொண்டார். ஆயக்கட்டுக்காரர்கள் பட்டா நகலோடு வந்தால் அங்கேயே கையெழுத்து வாங்கிவிடலாம். குழாயின் வாயில் அடைந்திருக்கும் கருவேலைக் கழிக்காமல் மட்டம் பார்க்க முடியாது என்பதால், அரிவாளோடு வரக்கூடியவர்கள் இங்கேயே பெயர் சொல்லிவிடுங்கள்.